செவ்வேர் விளைந்த பூமி

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கில், ரோன் நதிக்குக் கிழக்கே, துரான்ஸ் நதிக்கு வடக்கே, வாந்து மலையின் அடிவாரம் வரை பரந்து கிடக்கும் வோக்லூஸ் சமவெளி இன்று முலாம்பழத்துக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் திராட்சைக்கும் பேர்போனது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பூமியின் செல்வம் மண்ணுக்கு மேலே காய்த்துத் தொங்கவில்லை, மண்ணுக்குக் கீழே முழ ஆழத்தில் சிவந்து கிடந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சிட்டி என்று விற்கிறார்களே, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் வேர் அது; அதையும் இங்கே மஞ்சிட்டி என்றே சொல்கிறேன். பருத்திக்கும் கம்பளிக்கும் நிலைத்த சிவப்பை ஏற்றுவதற்கு அதற்கு நிகரான பயிர் அந்நாளில் ஐரோப்பாவில் வேறில்லை. அந்தச் செடி அங்கே வந்து சேர்ந்த விதமும், ஜெர்மானிய ரசாயன சாஸ்திரிகள் இருவர் அதன் சாரத்தைப் பிரயோகசாலைக் குடுவையில் சமைத்துக் காட்டியபின் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் அது பூண்டற்றுப் போன விதமும் சாயக்காரர்களுக்கு மட்டும் உரிய சரித்திரம் என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. பாலையும் இறைச்சியையும் கொழுப்பையும் மாடின்றி, வயலின்றித் தொட்டிகளிலேயே வளர்த்துக்கொள்ளலாம், அப்படி மிச்சமாகும் நிலத்தை வனத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மேல்நாடுகளில் பலர் இப்போது ஆர்வத்தோடு வாதிக்கிறார்கள். உலகத்தில் இதுவரை நடந்தேயிராத ஒன்றைப் பற்றிப் பேசுவது போன்ற தொனி அவர்கள் பேச்சில் இருக்கிறது. வயலில் விளைந்ததை ஆலை விளைவிக்கத் தொடங்கினால் வயல் என்ன ஆகும், வயலில் நின்றவன் என்ன ஆவான் என்ற கேள்விக்கு வோக்லூஸ் ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது.

செடியை அங்கே நிலைநிறுத்தியவர் ழான் ஆல்தென் என்ற ஆர்மீனியர். பாரசீகத்தில் பிறந்து, யுத்தக் கலவரத்தில் சிக்கி, அடிமையாக விற்கப்பட்டு, அனடோலியாவின் வயல்களில் பல வருஷம் உழைத்து, அங்கிருந்து தப்பி மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய அந்த மனிதர், கீழ்நாட்டில் தாம் பயிரிட்டுப் பழகிய செவ்வேரை 1760-ஐ ஒட்டி அவிஞ்ஞோன் நகரின் சுற்றுப்புறத்தில் விதைத்தார். அந்தப் பிரதேசம் அப்போது பிரெஞ்சு மன்னருடையதன்று. ரோமாபுரிப் போப்பின் உடைமை. பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தே அவர் விதையை ஒளித்துக் கொண்டுவந்தார் என்று ஓர் ஐதிகம் சொல்வார்கள்; இத்தகைய ஐதிகம் ஒன்று ஒட்டிக்கொள்ளாத பணப்பயிர் அநேகமாக எந்தத் தேசத்திலும் இல்லையாதலால், அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் ருசியைப் பொறுத்தது. அவர் 1774-ல் வறுமையில் இறந்தார் என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. அவர் காட்டிக்கொடுத்த பயிரினால் ஊர் ஊராகச் செழித்த பின்னர், 1840-களில், அவிஞ்ஞோன் நகரத்துப் பாறைக் குன்றின் மேல் அவருக்குச் சிலை எடுத்தார்கள். சதுப்பை வடித்து மஞ்சிட்டி போட்டுப் பிழைத்த கிராமம் ஒன்று 1845-ல் தனியூராகப் பிரிந்தபோது ஆல்தெனின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. சோறு கிடைக்காதவனுக்குப் பிற்பாடு சிலை கிடைப்பது நமக்கும் பழக்கமான நியாயந்தானே!

மஞ்சிட்டி அவசரக்காரனுக்கு ஏற்ற பயிர் அன்று. விதைத்த நிலத்தில் இரண்டரை ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். இடையில் வேறொன்றும் போட முடியாது. குளிர்காலம் வரும்போது பாத்திகளுக்கு இடையிலுள்ள மண்ணை வாரிச் செடிகளின்மேல் அணைத்து மூட வேண்டும். களையை விட்டுவைக்கக் கூடாது. கடைசியாக, இடுப்பு ஒடியும்படி ஆழத் தோண்டி, வேர் அறாமல் வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்பவன் கூலிக்காரனாக இருந்தால் அவனுக்கு அந்தத் தோண்டுகாலமே வருஷத்தின் பெரிய வருமானம். சிறு குடியானவனாக இருந்தால், மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைக்கும் பணம் வங்கியில் இருப்பதற்குப் பதிலாக அவன் பாத்திக்குக் கீழே வளர்ந்துகொண்டிருந்தது. சோர்க் நதியின் கிளைக் கால்வாய்களில் சுழன்ற ஆலைகள் அந்த வேரை உலர்த்திப் பொடித்துத் தர, பீப்பாய்களில் அடைபட்ட செந்தூள் மூலூஸ், ரூவான் ஆகிய துணிநகரங்களுக்கும் கடல் கடந்து பிரிட்டனுக்கும் போயிற்று. சுண்ணாம்புச் சத்து மிகுந்த பழைய சதுப்பு மண்ணில் விளைந்த வேருக்கே உயர்ந்த விலை. பிரெஞ்சுக் காலாட்படைக்குச் சிவப்புக் கால்சட்டை என்று 1829-ல் ராஜாங்கம் உத்தரவு போட்டதும் இந்தப் பயிருக்குக் கிடைத்த பெரிய அனுக்கிரகம். பகைவனின் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும்படி சிப்பாய்க்குச் சிவப்பு உடுத்துவது யுத்த சாஸ்திரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று அப்போது யாரும் அதிகமாக விசாரிக்கவில்லை.

இந்த வேரைப் பற்றிய ஒரு விசித்திரத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1736-ல் லண்டன் வைத்தியர் ஜான் பெல்ச்சியர், துணிக்கு அச்சடிக்கும் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றி இறைச்சி உண்ணும்போது எலும்பெல்லாம் சிவந்திருக்கக் கண்டு விசாரித்தார். மஞ்சிட்டிச் சாயத் தொட்டியிலிருந்து கழித்த தவிட்டைத் தின்று வளர்ந்த பன்றி அது என்று தெரிந்தது. அந்தச் செய்தி கேட்ட பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் துய்யமெல் து மோன்சோ பிராணிகளுக்கு மஞ்சிட்டியைச் சில நாள் கொடுத்தும் சில நாள் நிறுத்தியும் எலும்பு எப்படி வளர்கிறது என்பதை முதன்முதலாகக் கண்ணால் கண்டறிந்தார். நிலம் தருவது ஆகாரமானாலும் சாயமானாலும் அது எலும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வேரில் ஒளிந்திருந்த செம்பொருளுக்கு அலிசரின் என்று பெயரிட்டு அதைத் தனியே பிரித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களான ரோபிக்கேயும் கொலேனும், வருஷம் 1826. அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு இளைஞர்கள், கரிவாயு ஆலைகள் ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்த தாரிலிருந்து கிடைக்கும் ஆந்தரசீன் என்ற பொருளே அலிசரினுக்கு அடிப்படை என்று கண்டுபிடித்து, அதிலிருந்து அலிசரினையே ஆக்கியும் காட்டினார்கள். வயலில் விளையும் ஒரு சாயத்தின் சாரம், அணுவுக்கு அணு வித்தியாசமின்றி, மனிதன் கையால் உண்டானது அதுவே முதல் தடவை. 1869 ஜூன் மாதத்தில் ஜெர்மானியர் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மறுநாளே, லண்டனில் பெர்க்கின் தாமும் தனித்துக் கண்ட வழிக்கு விண்ணப்பம் கொடுத்தார், ஒருநாள் வித்தியாசம். பிறகு ரைன் நதிக்கரையில் ஆலைகள் எழுந்தன; விலை சரிந்தது; தோண்டும் கூலிக்கே கட்டாது என்று வேரை மண்ணிலேயே விட்டுவிட்ட குடியானவர்களும் உண்டு. 1880-க்குள் வோக்லூஸில் மஞ்சிட்டி பேருக்குத்தான் இருந்தது. 1914-ல் பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிராகச் சிவப்புக் கால்சட்டையோடு நடந்து சென்றபோது, அவர்களை உயிர்ப்பலியாக்க உதவிய அந்தச் சிவப்பு அவிஞ்ஞோன் மண்ணின் வேரிலிருந்து வந்ததன்று. பகைவனின் ஆலைச் சரக்கு.

இந்த வீழ்ச்சியில் அடிபட்டவர்களில் ஒருவரை மட்டும் உலகம் அறியும். பூச்சிகளின் வாழ்க்கையைத் தாம் கண்டபடி பத்துத் தொகுதிகளாக எழுதிய ழான் ஆன்ரி ஃபாப்ர் அப்போது அவிஞ்ஞோனில் ஏழை உபாத்தியாயர். பல்கலைக்கழகப் பதவிக்குச் சொந்த ஆஸ்தி வேண்டும் என்று அந்நாளைய நடைமுறை இருந்தபடியால், ஆஸ்தி தேடிக்கொள்ள அவர் கண்ட வழி மஞ்சிட்டி. வேரிலிருந்து சுத்தமான சாயத்தைச் சுலபமாக எடுக்கும் முறைக்காக வருஷக்கணக்காக உழைத்தார், காப்புரிமைகளும் பெற்றார். கல்வி மந்திரி துரூயி அவருடைய பிரயோகசாலைக்கு வந்தபோது ஃபாப்ரின் கைகள் சாயத் தொட்டியில் முக்கி எடுத்து மணிக்கட்டு வரை சிவந்திருந்தனவாம். அந்தக் கையைத்தான் மந்திரி பார்க்க விரும்பினார். முறை தேறி, வருமானம் வரும் என்று நம்பிய தருணத்தில் பெர்லின் செய்தி வந்தது. கொஞ்ச காலத்தில் வேலையும் போயிற்று. மாணவிகளுக்குப் பூக்களின் கருவுறுதலைப் பற்றிப் பாடம் சொன்னது அவ்வூர்ப் பக்திமான்களுக்குப் பொறுக்கவில்லை. குடும்பத்தோடு ஒராஞ்ச் என்ற ஊருக்குக் குடிபெயர அவருக்கு மூவாயிரம் பிராங்கு கடன் தந்தவர், அவிஞ்ஞோனில் மனைவியின் கல்லறைக்கு அருகில் வீடு வாங்கி வாழ்ந்திருந்த ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்.

மில்லுக்கும் ஃபாப்ருக்கும் நட்பு செடிகளால் வந்தது. இருவரும் வோக்லூஸின் மூலிகைகளையும் புல்லையும் தேடி மலையிலும் மேட்டிலும் அலைந்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து இந்தியாவுக்குக் கடிதம் எழுதிய அதிகாரி, ஓய்வுபெற்ற பின் தென்பிரான்ஸின் புதர்களில் பூப்பறித்துத் திரிந்தார் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அதற்கும் முன்னமே, 1848-ல் வெளிவந்த அவருடைய பொருளாதார நூலில், செல்வமும் ஜனத்தொகையும் ஓயாமல் பெருக வேண்டும் என்ற கொள்கையை அவர் மறுத்திருந்தார். மனிதனுக்குச் சோறு விளைவிக்கக்கூடிய நிலமெல்லாம் உழப்பட்டு, இயற்கை தன்னிச்சையாகச் செயல்பட ஓர் இடமும் மிஞ்சாமல், காட்டுப்பூவும் புதரும் களையென்று பிடுங்கப்பட்ட உலகத்தை நினைத்துப் பார்ப்பதில் தமக்குத் திருப்தியில்லை என்பது அவர் கருத்து. நிலத்தை இயற்கைக்கு விடவேண்டும் என்று பொருளாதாரப் புத்தகத்திலேயே ஒருவர் எழுதிய இடம் இதைவிடப் பழமையாக எனக்குத் தென்பட்டதில்லை. கவனிக்க வேண்டியது, அவர் அதை ஆலையின் கைங்கரியமாக எதிர்பார்க்கவில்லை. போதும் என்று மனிதனே தீர்மானிக்க வேண்டும் என்றார்.

தீர்மானம் இல்லாமல், விலைச்சரிவினால் மட்டும் பயிரொழிந்த வோக்லூஸ் நிலம் என்ன ஆயிற்று? மஞ்சிட்டிக்கு வந்த விபத்து தனியாக வரவில்லை. பட்டுப்பூச்சிகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதை ஆராய வந்த பாஸ்டர், ஃபாப்ரின் வீட்டில்தான் ஒரு பட்டுக்கூட்டைக் கையில் வாங்கி முதன்முதலாகக் குலுக்கிப் பார்த்தார். ரோன் நதிக்கு அக்கரையில் 1863-லேயே திராட்சைக் கொடிகள் காயத் தொடங்கியிருந்தன; அப்படிக் காய்ந்த கொடிகளின் வேரில், அமெரிக்காவிலிருந்து வந்த பேன் போன்ற பூச்சி ஒன்று கூட்டம் கூட்டமாக இருப்பதை 1868 ஜூலையில் பிளான்ஷோன் என்ற சாஸ்திரி கண்டுபிடித்தார். பெர்லினில் அலிசரின் பிறந்ததும் அதே ஆண்டுதான். பட்டு, கொடி, வேர் என்று குடியானவனுக்கிருந்த மூன்று பிடிகளும் ஒரு தலைமுறைக்குள் நழுவின. அந்த வேளையில் நிலமெல்லாம் புதர் மண்டிப் பறவைக்கும் முயலுக்கும் உரிமையாகியிருக்க வேண்டுமல்லவா? அப்படி நடக்கவில்லை. துரான்ஸ் தண்ணீரைக் கொண்டுவரும் கார்பாந்த்ராக் கால்வாய் 1857-லேயே திறந்தாகிவிட்டது. ரயில்வே பாரிஸ் வரை போட்டாகிவிட்டது. நல்ல மண்ணெல்லாம் காய்கறிக்கும் பழத்துக்கும் மாறி, வடகாற்றைத் தடுக்க வரிசை வரிசையாக ஸைப்ரஸ் மரம் நட்டு, முன்னைவிட நெருக்கமாகப் பாத்தி கட்டப்பட்டது. கவாயோன் ஊர் முலாம்பழத்தின் பேரில் நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமாவுக்கு இருந்த பிரேமையால், அவ்வூர் நூல்நிலையத்துக்குத் தம் நூல்களையெல்லாம் கொடுத்து, பதிலுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு பழம் வாங்கிக்கொண்டார். மஞ்சிட்டிக் காலத்திலேயே பழத்தோட்டத்துக்கு இருந்த மவுசை அது காட்டும். சாயவேர் விட்ட இடத்தை வேறு விலை வந்து பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்து வறண்ட சரளை மண்ணில்கூட, வேரடியில் கிழங்குக் காளான் கிடைக்கும் என்று கருவாலி மரம் வைத்தார்கள்.

காடு திரும்பிய இடம் ஒன்று உண்டு; அதற்குக் காரணம் ஆலை அன்று, சட்டம். டூலோன் கப்பற்பட்டறைக்கும் கரிமூட்டத்துக்கும் மரத்தைக் கொடுத்துக் கொடுத்து, மிச்சத்தை ஆட்டுக்கும் விட்டு, வாந்து மலை மொட்டையாய் நின்றிருந்தது. ரோன் பெருவெள்ளத்துக்குப் பின், மலைகளில் மரம் நடுவதற்கென்று 1860 ஜூலையில் சட்டம் வந்தது. பெதுவான் முதலிய கிராமங்கள் தங்கள் பொதுமலையில் கருவாலியும் பைனும் நட்டன; அல்ஜீரியாவின் அட்லஸ் மலையிலிருந்து தேவதாரு விதை வந்தது. இன்று அங்கே நடப்பவர் நிழலில் நடக்கிறார். யுனெஸ்கோ அதை உயிர்மண்டலக் காப்பகமாக 1990-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1860-ல் அந்த மொட்டை மலை வெறும் பாழ்நிலம் என்று சொன்னவர்கள் நிலமுள்ளவர்கள். சொந்தமாக ஒரு பாத்திகூட இல்லாதவனுக்கு, நான்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போக அந்தப் பொதுமேய்ச்சல் ஒன்றுதான் கதி. கன்றுகள் முளைத்த இடத்தில் ஆடு போகக்கூடாது என்று தடை விழுந்தபோது, பிரெஞ்சு மலைப்பிரதேசங்களில் இடையர்கள் முறையிட்டார்கள், சில இடங்களில் கலகமும் செய்தார்கள். பிற்பாடு 1864-லும் 1882-லும் சட்டத்தை மாற்றவேண்டி வந்தது. வனத்துக்குக் கொடுத்தோம் என்கிறவர்கள் யாரிடமிருந்து வாங்கிக் கொடுத்தோம் என்று கணக்கு எழுதுவதில்லை; அந்தத் தேவதாரு நிழலை மெச்சுகிற நான் இதையும் சேர்த்தே மெச்ச வேண்டியிருக்கிறது.

ஃபாப்ர் கடைசியில், 1879-ல், சேரினியான் கிராமத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். முன்னொரு காலத்தில் கொடி வைத்திருந்து, பலன் தராமல் கைவிடப்பட்டு, காட்டுத்துளசியும் நெருஞ்சியும் முட்செடியுமாய்க் கிடந்த கற்பூமி. அவ்வூரார் அதைப் போன்ற தரிசை அர்மாஸ் என்பார்கள். விதைக்கிறவன் யாரும் கையேந்தி வாங்கமாட்டான். குளவிகளும் தேனீக்களும் அங்கே கூடியதைப் போல் வேறெங்கும் தாம் கண்டதில்லை என்று மகிழ்ந்து, முப்பத்தாறு வருஷம், இறக்கும் வரை, அவர் அங்கேயே உட்கார்ந்து பூச்சிகளைப் பார்த்தார். வோக்லூஸில் விவசாயம் விட்டுவிலகி இயற்கை மீண்ட நிலத்துக்கு இதைவிடப் புகழ்பெற்ற உதாரணம் இல்லை. அது ஒரு ஹெக்டேர்.

இப்படியெல்லாம் நடந்துமுடிந்த பிறகுதான் பெர்த்தலோவின் தீர்க்கதரிசனம் வந்தது. சாராயத்தையும் கொழுப்பையும் உயிரற்ற பொருள்களிலிருந்து படிப்படியாக ஆக்கிக்காட்டி, ஜீவசக்தி என்று ஒன்று தேவையில்லை என்று நிறுவிய மேதை மார்செலேன் பெர்த்தலோ. மந்திரிப் பதவியும் வகித்தவர். 1894 ஏப்ரல் 5-ம் தேதி ரசாயனத் தொழிலதிபர்களின் விருந்தில், இரண்டாயிரமாவது ஆண்டில் உலகம் எப்படியிருக்கும் என்று அவர் பேசினார். உழவனும் இடையனும் இருக்கமாட்டார்கள், சுரங்கமும் இராது, சூரியனின் வெப்பமும், மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் கிணறு வெட்டி எடுக்கும் பூமியின் உட்சூடும் சக்தி தரும், புரதத்துக்கு ஒரு வில்லை, கொழுப்புக்கு ஓர் உருண்டை, மாவுக்கும் சர்க்கரைக்கும் ஒரு துண்டு, ருசிக்கு ஒரு சிறு குப்பி என்று ஒவ்வொருவரும் தம் ஆகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள், மழையும் வறட்சியும் விளைச்சலைத் தீண்டா, செழித்த நாடு, வறண்ட நாடு என்ற பேதம் போய், எல்லைக்காக ரத்தம் சிந்துவதும் போகும், விவசாயம் கோடு கிழித்து அலங்கோலப்படுத்திய பூமி மறுபடியும் புல்லும் மரமும் பூவுமாகி ஒரே நந்தவனமாய்விடும். இதற்கெல்லாம் முன் மனிதனின் மனத்தையும் திருத்தும் ஓர் ஆத்ம ரசாயனம் வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அதைக் கேட்டவர்கள் விருந்துப் பேச்சின் அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

பெர்த்தலோவை எள்ளி நகையாடுவது சுலபம், நியாயமன்று. மியூடோனில் 1883 முதல் தாவர ரசாயனத்துக்காக ஒரு நிலையம் வைத்து, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்வதை ஆராய்ந்தவர் அவர்; மண்ணை அறியாதவர் அல்லர். சூரியசக்தியைப் பற்றியும் நிலத்தடி வெப்பத்தைப் பற்றியும் அவர் சொன்னவை இன்று காரியமாகி வருகின்றன. ஆனால் அவர் கண்முன்னே ஒரு பயிர் ஆலையிடம் தோற்றிருக்க, தோற்ற நிலம் நந்தவனமாகவில்லை என்பதையும், தோற்ற குடியானவனுக்கு லாபத்தில் காலணாப் பங்கும் கிடைக்கவில்லை என்பதையும் அவர் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. ரசாயனம் நிலத்தைத் தொடாமலும் இருக்கவில்லை. அவர் இறந்து சில ஆண்டுகளில், ஹாபர் என்ற ஜெர்மானியர் காற்றிலிருந்து அம்மோனியா ஆக்கினார். அது உழவை ஒழிக்கவில்லை, உழவுக்கு உரமாயிற்று, வெடிமருந்துமாயிற்று.

நம் தேசத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலும் மணற்பாங்கான நிலத்தில் கிடைத்த சாயவேர், இம்பூறல் என்று நம்மவர் அறிந்தது, மஞ்சிட்டியின் அதே செம்பொருளைத் தன்னுள் கொண்டது. உலகத்தை மயக்கிய நம் சீட்டித் துணிகளின் சிவப்பு அது. டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தில் அந்த வேரைத் தம் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, தோண்டுவதே குலக்கடமை என்று விதிக்கப்பட்ட ஜனங்களிடம் அளவு போட்டு வாங்கினார்கள். ஜெர்மன் அலிசரின் டப்பாக்கள் நம் சாயப்பட்டறைகளுக்கு வந்ததும் அந்தக் கடமையும் போயிற்று, அந்த ஜீவனமும் போயிற்று. முன்னது போனதற்காக அழுவாரில்லை.

நீலத்தின் கதை இன்னும் கடுமையானது. 1897-ல் ஜெர்மன் ஆலை நீலம் சந்தைக்கு வந்தபோது, பீகாரில் சம்பாரண் ஜில்லா வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்கு அவுரி கட்டுப்படியாகாமற் போயிற்று. பிகாவுக்கு மூன்று கட்டா அவுரி போட்டே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் கிடந்த குடியானவனுக்கு அது விடுதலையாக முடிந்திருக்க வேண்டும். தோட்டக்காரர்களோ, அந்த நிர்ப்பந்தத்திலிருந்து உன்னை விடுவிக்கிறோம் என்று சொல்லி, அதற்கு விலையாக வாரத்தை உயர்த்தினார்கள். சில இடங்களில் ரொக்கமாகவே வசூலித்தார்கள். ஆலை கண்டுபிடித்த புதுமையால் வந்த நஷ்டத்தை, அந்தப் பயிரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் தலையிலேயே கட்டினார்கள். 1917-ல் காந்தியடிகள் அங்கே போனபோது விசாரித்தது இந்தக் கணக்கைத்தான். மறுவருஷம் வந்த சட்டம், தோட்டக்காரர்கள் உயர்த்திய வாரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தது.

செயற்கை உணவு வோக்லூஸுக்கு அருகிலேயே ஒருமுறை பிறந்தது. ரோன் கழிமுகத்துக்குக் கிழக்கே லவேராவில், 1960-களின் தொடக்கத்தில், அல்பிரட் ஷாம்பாஞ்ஞா என்ற நிபுணர் பெட்ரோலிய மெழுகின்மேல் ஈஸ்ட்டை வளர்த்துப் புரதம் எடுத்தார். உலகப் பசி தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 1976-ல் யுனெஸ்கோ பரிசும் அளித்தது. அது கால்நடைத் தீவனமாகத்தான் விலைக்கு வந்தது. எண்ணெய் விலை ஏறி, சோயா மலிவாகவே நின்றதால் கணக்குத் தப்பிற்று. ஸர்தீனியாவில் கட்டிய பெரிய ஆலையை இத்தாலிய சுகாதார அதிகாரிகள் ஓட விடவில்லை. 2013-ல் லண்டனில் மார்க் போஸ்ட் மாட்டின் செல்லிலிருந்து வளர்த்த இறைச்சியைச் சமைத்துக் காட்டினார். 2020-ல் சிங்கப்பூர் வளர்ப்புக் கோழியிறைச்சியை விற்க அனுமதித்தது. 2023-ல் இத்தாலி அத்தகைய இறைச்சியை அடியோடு தடைசெய்தது. இதைத் தின்பது பாவமா, புண்ணியமா என்ற தர்க்கம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கசாப்புக் கத்திக்குத் தப்பும் பிராணிகள் பட்சத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் தட்டில் விழும் துண்டைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள், மேய்ச்சலும் தீவனமும் விளைந்த நிலத்தின் பத்திரத்தில் அடுத்து யார் பெயர் ஏறும் என்பதை விசாரிப்பது அபூர்வம். மாடு போன நிலத்தில் வீட்டுமனை எழுந்தாலும், உயிர்எரிபொருளுக்கு மக்காச்சோளம் எழுந்தாலும் ஆலைக்காரன் தான் கொடுத்த வாக்கை மீறியவன் ஆகமாட்டான். நிலத்தைப் பற்றி அவன் வாக்கே கொடுக்கவில்லை.

அந்த வாக்கை எழுத்தில் வாங்க முயன்ற ஒரு தேசம் நெதர்லாந்து. அதன் சீலாந்து தீவுகளும் ஒரு காலத்தில் மஞ்சிட்டி பூமிதான்; அவிஞ்ஞோனுக்குப் போட்டியாய் வேரை உலர்த்தி அரைத்து விற்று, அதே அலிசரினால் அதே பத்தாண்டுகளில் விழுந்த பூமி. அன்று ராஜாங்கம் தலையிடவில்லை. இப்போது, கால்நடைப் பண்ணைகளின் நைட்ரஜன் கழிவினால் புல்வெளிகளும் சதுப்புகளும் கெடுகின்றன என்று கண்டு, மனமுவந்து பண்ணையை மூடுகிறவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க அந்நாடு திட்டம் போட்டது. 147 கோடி யூரோ வரையில் அதற்குச் செலவழிக்க ஐரோப்பிய ஆணையம் 2023 மே மாதம் அனுமதி தந்தது. அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான், டிராக்டர்களோடு தெருவுக்கு வந்த குடியானவர்களின் கட்சி மாகாணத் தேர்தல்களில் எல்லாக் கட்சிகளையும் முந்தியிருந்தது. பணம் கொடுத்தும் கோபம் தணியவில்லை. தணியும் என்று எதிர்பார்த்தவர்கள் குடியானவர்களை அறியாதவர்கள். ஆனாலும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது: பணம் வாங்கியவர் பண்ணையை நிரந்தரமாக மூட வேண்டும், அதே தொழிலை நெதர்லாந்திலோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறெந்த மூலையிலோ மறுபடி தொடங்கக் கூடாது. லவேராவும் பெர்த்தலோவும் எழுதத் தவறியது இந்த ஒரு வரி.